ஓணானில் தொடங்குங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் ஊர்வனவும் தவளையும் பார்க்க, படமெடுக்க

ஊர்வனவற்றைப் படமெடுக்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது “பாம்பு எங்கே கிடைக்கும்?” என்பதைத்தான். அந்தக் கேள்வியை ஒரு வருடம் தள்ளி வையுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு அதைவிட நல்ல தொடக்கம் ஊரை ஒட்டியே இருக்கிறது. பாறைக் கரடு, ஏரிக்கரை, மாந்தோப்பு, கல்லடுக்கிய வேலி, பழைய கிணறு என்று எங்கே பார்த்தாலும் ஓணான், அரணை, பல்லி, தவளை. இவற்றை நிதானமாகப் பார்க்கப் பழகியவர் கண்ணில் பாம்பு தானாகவே படும். அப்போது என்ன செய்யக் கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். நீங்கள் வருவதற்கு முன் அந்த உயிர் என்ன செய்துகொண்டிருந்ததோ, நீங்கள் கிளம்பும்போதும் அதையே செய்துகொண்டிருக்க வேண்டும். பிடிக்காமல், கல்லைப் புரட்டாமல், விரட்டாமல் எடுத்த படம் சுமாராக வந்தாலும் பரவாயில்லை. நல்ல படம் அதுதான்.

எங்கே போவது, எங்கே போகக் கூடாது

நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பாறையும் புதரும் கொஞ்சம் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும். ஏரிக்கரையை ஒட்டி ஒரு கரடு இருக்கும் ஊர்கள் இங்கே ஏராளம். புது இடங்களைத் தேடி அலைவதைவிட ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதில்தான் கற்றுக்கொள்ள முடியும். எந்தப் பொந்தில் எது வெயில் காய வரும், எந்தப் பள்ளத்தில் மழைத் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்பதெல்லாம் அப்படித்தான் பிடிபடும்.

தனியார் நிலமென்றால் கேட்டுவிட்டுப் போங்கள். “அண்ணா, ஓணான் படம் எடுக்க வந்திருக்கேன், தோப்புக்குள்ள போகலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. மறுத்தால் திரும்பிவிடுங்கள். மக்கள் கும்பிடுகிற புற்றுப் பக்கம் செருப்போடு போய் கேமராவை நீட்டாதீர்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடமோ தெலுங்கோ பேசத் தெரிந்த ஒருவர் கூட வந்தால் பேச்சு சுலபமாகும்.

காப்புக்காடு வேறு விஷயம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பகுதிகளில் பெரும் பரப்பு வனத்துறையின் கீழ் இருக்கிறது. காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014இலும், ஏறக்குறைய 686 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. இவற்றுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். மாவட்ட வன அலுவலரிடம் எழுத்தில் அனுமதி பெற்று, வனத்துறை ஆள் துணையோடு மட்டும் போங்கள். இது வெறும் சட்டத்துக்காகச் சொல்வதில்லை. இது யானைகள் நடமாடும் நாடு. கேழ்வரகு முற்றும் காலத்தில் யானைக் கூட்டங்கள் கர்நாடகப் பக்கமிருந்து ஓசூர் வனக்கோட்டத்துக்குள் வந்து வயல் ஓரம்வரை இறங்கும். குனிந்து தவளையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு யானை வருவது கேட்காது.

எப்போது

ஊர்வன தம் உடல் சூட்டுக்கு வெளியே இருக்கும் வெப்பத்தை நம்பியிருப்பவை. அதனால் நேரம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஓணான், அரணை இரண்டுக்கும் காலை எட்டு மணியிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம். பங்குனி, சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம் போக வேண்டும். பதினோரு மணிக்குப் பாறை காய்ந்ததும் எல்லாம் நிழலுக்குப் போய்விடும். மார்கழியில் நேர்மாறு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் குளிர்காலத்தில் வெயில் நன்றாக ஏறும் வரை பாறையில் ஒன்றும் தெரியாது. உயரம் குறைந்த அரூர், ஊத்தங்கரைப் பக்கம் அதே நாளில் ஓணான் முன்பே வெளியே வந்துவிடும்.

தவளைகளுக்கு மழைதான் நாட்காட்டி. சித்திரை, வைகாசியில் பெய்யும் கோடை மழைதான் முதல் அழைப்பு. இங்கே தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மழை உண்டு என்பதால் ஐப்பசி, கார்த்திகை வரை ஏதாவது ஒரு தவளை கத்திக்கொண்டே இருக்கும்.

முதல் பாடம்: பாறை ஓணான்

நம் கரடுகளின் அடையாளமே இந்தப் பாறை ஓணான்தான். மற்ற நாட்களில் ஆணும் பெண்ணும் பாறை நிறத்தில், கண்ணில் படாமல் இருக்கும். கோடை தொடங்கி இனப்பெருக்கக் காலம் வந்துவிட்டால் ஆணின் முதுகு செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறி, பக்கவாட்டில் கருமை ஏறும். உயரமான ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு, தலையை ஆட்டி, முன்கால்களை ஊன்றி எழுந்து எழுந்து தணியும். அது தன் எல்லையைக் காட்டும் செயல். அடுத்த நாளும் அதே பாறையில் அதைப் பார்க்க முடியும் என்பதால் புதியவர்களுக்கு இதைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை.

நெருங்கும் முறை இப்படி. பத்துப் பதினைந்து மீட்டர் தூரத்திலேயே நின்று முதல் படத்தை எடுத்துவிடுங்கள், அது எவ்வளவு சிறியதாகத் தெரிந்தாலும் சரி. அப்புறம் அதை நோக்கி நேராக நடக்காமல், வேறெங்கோ போவதுபோலச் சாய்வாக நாலடி வையுங்கள். உட்காருங்கள். இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது, விழுந்தால் பருந்து என்றே எடுத்துக்கொண்டு ஓடும். தலையை உயர்த்தி உங்களையே பார்க்கிறதென்றால் அசையாதீர்கள். மறுபடி எறும்பு தின்னவோ தலையாட்டவோ தொடங்கினால் இன்னும் நாலடி. ஓடிவிட்டால் பின்தொடராமல் அங்கேயே உட்கார்ந்திருங்கள். பொறுமை இருந்தால் அதே பாறைக்கு அது திரும்பி வருவதைப் பார்க்கலாம்.

படத்துக்குப் பாறையோடு பாறையாகப் படுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து குனிந்து எடுத்த படத்தில் ஓணான் வெறும் பொருளாகத்தான் தெரியும். அதன் கண் மட்டத்தில் எடுத்தால் அதன் உலகம் தெரியும். குவியம் எப்போதும் கண்ணில் இருக்கட்டும். கண் தெளிவாக இருந்தால் வால் மங்கினாலும் பரவாயில்லை.

இதே பழக்கத்தோடு மற்றவற்றுக்குப் போகலாம். வேலியோரத்தில் சாதாரண ஓணான். காய்ந்த இலைச் சருகில் அரணை. புல் குறைந்த தரிசுகளில் கோடையில் தொண்டையை விசிறிபோல விரிக்கும் சிறிய விசிறித்தொண்டை ஓணானுக்கும் ஒரு கண் வைத்திருங்கள். புளியமரத்திலோ முட்புதரிலோ பச்சோந்தி தென்பட்டால் அது உங்கள் அதிர்ஷ்டம். அது கருத்து, உடலை உப்பி, வாயைத் திறந்தால் பலர் “என்ன அழகான நிறம்!” என்று இன்னும் நெருங்குகிறார்கள். அந்த நிறம் பயத்தின் நிறம். அந்த நேரத்தில் பின்வாங்குவதுதான் சரி. படம் விரிக்கும் நாகத்துக்கும் இதே கணக்கு. பயந்துபோன உயிரின் படத்தில் நாம் பெருமைப்பட எதுவும் இல்லை.

தவளை இரவுகள்

முதல் கனமழைக்கு மறுநாள் இரவு ஏரிக்கரையிலோ வயல் ஓரப் பள்ளத்திலோ போய் நில்லுங்கள். விளக்கை அணைத்துவிட்டு முதலில் காதை மட்டும் கொடுங்கள். “நுணலும் தன் வாயால் கெடும்” என்று சொல்லி வைத்தவர்கள் இதைக் கவனித்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். மண்ணுக்குள் மறைந்திருக்கும் தவளையைக் காட்டிக்கொடுப்பது அதன் குரல்தான். நமக்கு அதைக் கெடுக்கும் நோக்கமில்லை, பார்த்தால் போதும்.

குரலை வைத்து இடம் கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். பத்தடி இடைவெளியில் நின்று, இருவரும் ஒரே குரலை நோக்கிக் கை நீட்டுங்கள். இரண்டு கைகளும் காட்டும் திசை எங்கே சந்திக்கிறதோ அங்கே மெதுவாக விளக்கைக் காட்டுங்கள். நீங்கள் நெருங்கியதும் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொள்ளும். பதற வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் இருந்தால் தூரத்தில் ஒன்று தொடங்கும், அப்புறம் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்துகொள்ளும்.

என்னென்ன பார்க்கலாம்? தண்ணீரின் மேல் கல் எறிந்ததுபோலத் தத்தித் தத்திப் போகும் சிறிய தவளை எல்லாக் கிணற்றிலும் குட்டையிலும் உண்டு. பெரிய ஏரித்தவளையின் ஆண், மழைக்காலத்தில் எலுமிச்சை மஞ்சளாகி, தொண்டையின் இருபுறமும் நீல நிறப் பைகளை ஊதிக் கத்தும். அதை முதன்முறை பார்ப்பவர்கள் வெளிநாட்டுத் தவளை என்றே நினைப்பார்கள். மரத்தவளை தண்ணீர்த் தொட்டி, குளியலறை வரை வரும். தண்ணீருக்கு மேலே தொங்கும் நுரைக்கூட்டைப் பார்த்தால் அதைத் தொடாதீர்கள், உள்ளே முட்டைகள் இருக்கின்றன. வருடத்தின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்து, நல்ல மழைக்கு மட்டும் வெளியே வரும் தவளைகளும் இங்கே உண்டு. பின்னங்கால்களால் மண்ணைத் தள்ளிப் பின்பக்கமாகவே அவை புதைந்துபோவதை ஒருமுறை பார்க்க வேண்டும். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் குறுவாய்த் தவளையின் குரலைக் கேட்டால் அதன் அளவை நம்பவே முடியாது. தெருவிளக்கின் கீழே பூச்சிக்குக் காத்திருக்கும் தேரையைச் சொல்லவே வேண்டாம்.

தவளையைக் கையில் எடுக்காதீர்கள். அதன் தோல் வழியாகத்தான் நீரும் காற்றில் ஒரு பகுதியும் உள்ளே போகின்றன. நம் கையில் இருக்கும் கொசு மருந்தும் சோப்பும் உப்பும் அதே வழியில் போகும். தவளைத் தோலைத் தாக்கும் பூஞ்சை நோய் உலகின் பல பகுதிகளில் தவளை இனங்களையே அழித்திருக்கிறது. அதனால் ஒரு ஏரியில் நடந்த பூட்ஸை நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த ஏரிக்குப் போங்கள்.

இப்போது இரவின் ஆபத்துகள். இதைத் தாண்டிப் போகாமல் படியுங்கள். நம் மாவட்டங்களில் கைப்பிடிச் சுவரே இல்லாத திறந்த கிணறுகள் வயல் நடுவில் இருக்கின்றன. பகலில் பார்க்காத எந்த இடத்திலும் இரவில் நடக்காதீர்கள். அடுத்தது மின்வேலி. பன்றிக்கும் யானைக்கும் பயந்து சிலர் சட்டவிரோதமாக நேரடி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்துப்போயின. யானையைக் கொன்ற கம்பி நம்மை விடாது. குறுக்கு வழியாக எந்த வயலுக்குள்ளும் இறங்க வேண்டாம், வண்டிப்பாதையிலும் ஏரிக்கரையிலும் மட்டும் இருங்கள். காட்டை ஒட்டிய ஊர்களில் இருட்டிய பிறகு தவளை பார்க்கவே போகாதீர்கள்.

தனியாகப் போகக் கூடாது. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பக்கத்துத் தோட்டக்காரரிடமும் மாலையிலேயே ஒரு வார்த்தை. டார்ச் அடித்துக்கொண்டு நடுராத்திரியில் அலையும் அந்நியரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். “யாருப்பா அது?” என்று குரல் வந்தால் விளக்கை உங்கள் முகத்தில் அடித்துக் காட்டி, பெயரும் ஊரும் சொல்லுங்கள். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், தலையில் கட்டும் டார்ச், மாற்றுப் பேட்டரி, ஒரு கோல் ஆகியவை கட்டாயம்.

கேமரா

கையில் இருக்கும் மொபைல் போதும். ஓணானுக்கும் தவளைக்கும் அதில் நல்ல படம் வரும். திரையில் கண்ணைத் தொட்டுக் குவியம் வையுங்கள், வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள், டிஜிட்டல் ஜூம் வேண்டாம். செலவு செய்ய முடிந்தால் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றும் 70–300 ஜூம் லென்ஸும் வாங்குங்கள். மிக அருகில் போய் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸைவிட இதையே முதலில் பரிந்துரைப்பேன். தூரத்தில் நின்று எடுக்க முடிவதால் நீங்களும் பத்திரம், அதுவும் பத்திரம். ஓணானுக்கு ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவில் ஃபிளாஷ் நேராக அடித்தால் ஈரத் தோல் வெள்ளைத் திட்டாகப் பளபளக்கும். பொருட்களைச் சுற்றிவரும் வெள்ளை ஃபோம் ஷீட்டை ஃபிளாஷின் முன் கட்டி, பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். லென்ஸ் துளையை (அப்பர்ச்சர்) எஃப்8 முதல் எஃப்11 வரை வைத்தால் உடலின் பெரும்பகுதி தெளிவாக வரும். ஒரு உயிருக்கு நாலைந்து படம் எடுத்ததும் விளக்கை அணைத்து நகர்ந்துவிடுங்கள். அசையாமல் இருப்பதற்காகப் பூச்சி, தவளைகளை ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்துப் படமெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரோடு களத்துக்குப் போகாதீர்கள்.

பாம்பு எதிர்ப்பட்டால்

நில்லுங்கள். எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகப் பார்க்கிறது என்று பாருங்கள். அதன் வழியை மறிக்காமல் பின்னால் நகருங்கள். அதன் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு தூரமாவது இருக்கட்டும், குறைந்தது இரண்டு மீட்டர். மொபைலில் பாம்பு சிறியதாகத்தான் விழும், விழட்டும். அடையாளம் காண அது போதும், வேண்டுமானால் வீட்டில் படத்தை வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு விஷப் பாம்புகளையும் படங்களில் பார்த்து மனப்பாடம் ஆகும் வரை பழகுங்கள். ஆனால் களத்தில் “இது விஷமில்லாதது” என்று முடிவு கட்டிக் கை வைக்கும் உரிமையை அந்தப் பழக்கம் தராது. கட்டுவிரியனையும் விஷமில்லாத ஓநாய்ப் பாம்பையும் அனுபவசாலிகளே அரைவெளிச்சத்தில் குழப்பிக்கொள்வார்கள். சுருட்டை விரியன் ஒரு முழத்துக்கும் குறைவாகக்கூட இருக்கும், கல்லிடுக்கிலும் கல்லுக்கு அடியிலும் படுத்திருக்கும். நம்முடையது கல் நாடு. அதனால்தான் கல்லைப் புரட்டாதீர்கள், பார்க்காத இடுக்கில் கை வைக்காதீர்கள், பாறை ஏறும்போது மேலே எட்டிப் பிடிக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அது உடலைச் சுருட்டி, செதில்களை உரசி ‘சர்ர்’ என்று ஓசை எழுப்பினால் உங்கள் நேரம் முடிந்தது என்று பொருள். விலகிவிடுங்கள்.

பாம்பு பிடிப்பது, இடம் மாற்றுவது, வைத்திருப்பது எல்லாம் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுக்குள் வந்த பாம்புக்குத் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள்.

கடித்துவிட்டால்

இதைப் போவதற்கு முன்பே ஒரு முறை கூட வருபவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது, ராத்திரியில் டாக்டர் இருப்பாரா என்று முன்னரே விசாரியுங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு.

கடிபட்டவரை உட்காரவோ படுக்கவோ வையுங்கள், நடக்க விடாதீர்கள். மோதிரம், கொலுசு, மெட்டி, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றுங்கள், வீக்கம் வந்தால் அவையே இறுக்கும். கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். கயிறு போட்டு இறுக்கக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரத்தைக் கொல்லக் கூடாது. 108க்கு அழையுங்கள் அல்லது கிடைத்த வண்டியில் கிளம்புங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. நான்கு பாம்பின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். கட்டுவிரியன் கடி வலிக்காமலே போகலாம், தடமும் தெரியாமல் போகலாம். கண் இமை சரிந்தாலோ வயிற்றைப் பிசைந்தாலோ அதை அலட்சியப்படுத்த வேண்டாம்.

அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தைப் பல ஆண்டுகளாக எடுத்துக் கொடுத்து வருவது, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நம் மலைப் பகுதிகளிலும் இருளர்கள் இருக்கிறார்கள். அவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் ஒரு தடத்தைப் பார்த்து எது எப்போது போனது என்று சொல்வதைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர் ஒரு நாள் உங்களோடு நடந்தால் அந்த நாளுக்கான கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

ஒகேனக்கல்லில்

காவிரியில் சதுப்புநில முதலைகள் இருக்கின்றன. குளிர்காலக் காலைகளில் பாறையிலும் மணல்திட்டிலும் வெயில் காயும். பரிசலோட்டியிடம் “இன்னும் கிட்ட போங்கண்ணா” என்று கேட்காதீர்கள், நீரோரம் குந்தி உட்கார்ந்து படமெடுக்காதீர்கள். அருகிலிருந்து பார்க்க வனத்துறையின் முதலை மறுவாழ்வு மையம் அங்கேயே இருக்கிறது. பென்னாகரத்திலிருந்து போகும் சாலையிலும் அஞ்செட்டிச் சாலையிலும் மழை இரவுகளில் பாம்பும் தவளையும் சக்கரத்தில் அடிபடும். மெதுவாக ஓட்டுங்கள். செத்துக் கிடப்பதைப் படமெடுத்து இடமும் நேரமும் குறித்து வைப்பதும் பயனுள்ள பதிவுதான், அதற்காகச் சாலை நடுவில் மட்டும் நிற்காதீர்கள்.

எழுதி வைப்பதும் பகிர்வதும்

சிறிய நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். தேதி, நேரம், இடம், வெயிலா மழையா, எதன்மேல் இருந்தது, என்ன செய்தது. “ஓணான், 1” என்று எழுதுவதில் பயனில்லை. “புளியமரம், தரையிலிருந்து ஆளுயரம், ஆண், கட்டெறும்பைத் தின்றது” என்று எழுதினால் மூன்று வருடம் கழித்தும் அது பேசும். தவளைக் குரலை மொபைலில் அரை நிமிடம் பதிவு செய்யுங்கள், பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருப்பவற்றைக் குரல் பிரித்துக் காட்டும்.

அடையாளம் காண ஒரே கோணம் போதாது. ஓணானுக்குப் பக்கவாட்டு உடலும் தலையும், தவளைக்கு மேல்பக்கமும் பக்கவாட்டும், தெரிந்தால் பின்னங்கால் விரல்களுக்கு இடையிலுள்ள சவ்வும், பாம்புக்கு எட்ட இருந்தே தலையும் நடு உடலும். அது இருந்த இடத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள். உயிரினப் படங்களைப் பகிர்ந்து அடையாளம் காணும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) இணையதளத்தில் ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்லி உதவுவார்கள். சரியான இனம் தெரியாவிட்டால் “தவளை” என்று மட்டும் போட்டு ஏற்றுங்கள், ஊகித்துப் பெயர் வைக்காதீர்கள்.

இடம் சொல்லிப் பகிர்வதில் நட்சத்திர ஆமையும் மண்ணுளிப் பாம்பும் விதிவிலக்கு. இரண்டையும் கடத்த ஆட்கள் அலைகிறார்கள். நட்சத்திர ஆமையை வளர்ப்புக்கென்று விற்கிறார்கள், மண்ணுளியை ‘இருதலைப் பாம்பு’ என்று கதை கட்டி விலை பேசுகிறார்கள். இவற்றைப் பார்த்தால் தளத்தில் இடத்தை மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஊர்ப்பெயரைச் சொல்லாதீர்கள், பின்னணியில் கோயில் கோபுரமோ மைல்கல்லோ தெரியும் படத்தைப் போடாதீர்கள். யாராவது “எங்கே எடுத்தீங்க? நேரா வந்து பாக்கணும்” என்று விடாமல் கேட்டால் பதில் சொல்ல வேண்டாம், அந்த எண்ணை வனத்துறையிடம் கொடுங்கள்.